ஏ மண்டலத்துக்கு ஒரு மனு

வீட்டு வரி ஏறிவிட்டது என்று என் அக்கா புலம்பியபோது எனக்கு வந்தது பொறாமை.

முக்கியமானதை முதல் வரியில் வை, மற்றதைக் கீழே இறக்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நாளிதழின் சேலம் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் செய்தி திருத்தியவள் நான். நகராட்சிக் கூட்டச் செய்திகள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். வீட்டு வரி எப்படிப் போடப்படுகிறது என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்த விஷயத்தில்தான் தவறு செய்தேன்.

எங்கள் ஊர் ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் சிறிய நகராட்சி. அப்பா ரிக் லாரி வைத்து வட மாநிலங்களுக்குப் போய் போர்வெல் போட்டுச் சம்பாதித்ததில் அங்கே ஒரு மனை வாங்கினார். மேற்கே பள்ளிச் சாலை, கிழக்கே ஒரு சந்து. மனை இரண்டையும் தொட்டுக்கொண்டு நீளமாகக் கிடந்தது. நீளமாகவே வீடு கட்டினார். அவர் போன பிறகு அக்காவும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். பாகப்பிரிவினையில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவருக்கு மேற்கு, இளையவருக்குக் கிழக்கு. பத்திரம் எழுதியவர் திசையைக் கேட்டார், வயதைக் கேட்டார், எழுதிவிட்டார். மேற்கில் சாலையும் கிழக்கில் சந்தும் இருப்பது அவர் கணக்கில் வரவில்லை. ஒரு சதுர அடிகூட வித்தியாசம் இல்லாமல் பிரித்துக் கொடுத்ததில் அவருக்குப் பெருமை.

வீட்டின் நடுவில் சுவர் எழும்பியது. வடபுறம் மதிலை ஒட்டிச் சாலையிலிருந்து சந்துவரை ஓடிய மூன்றடி அகல நடையிலும் சுவர் வந்தது. அதில் மட்டும் ஓர் இரும்புக் கதவு வைத்தோம். பூட்டு அக்கா பக்கம். அதையும் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் நான் சந்தின் தெற்குக் கோடிவரை நடந்து, லாரி பாடி கட்டும் பட்டறை முக்கில் திரும்பி, பெரிய ரோட்டில் கொஞ்சம் போய், மறுபடி பள்ளிச் சாலையில் ஏறி வர வேண்டும். பத்து நிமிடம். சந்தின் வடக்குக் கோடியை ஒரு அரிசி ஆலையின் மதில் அடைத்துவிட்டது.

அக்கா அந்தப் பத்து நிமிடத்தை நடந்து வந்துதான் தன் ரசீதை என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"பாரு பாப்பா அநியாயத்த. ஏ ஸோனாம்! ரோட்டு மேல ஊடு இருந்தா இதான் தொல்ல."

எனக்கு ஐம்பத்துநாலு வயது. அக்காவுக்கு நான் இன்னும் பாப்பா.

"எல்லாருக்குந்தான் ஏறியிருக்குதுங்க்கா" என்றேன்.

"உன்றத எடு, பாக்கலாம்."

எடுத்து வைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் அருகருகே தள்ளிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? ஐயோ, குடுத்து வெச்சவ பாப்பா நீ. சந்துக்குள்ள நிம்மதியா இருக்கற. எனக்குப் பாரு, லாரிச் சத்தத்துல ஒரு நாளாச்சும் முழுசாத் தூங்கியிருக்கறனா? அதுக்கு மேல வரியும் இத்தன. குடுத்து வெச்சவ."

குடுத்து வெச்சவ என்பதை இரண்டு தரம் சொன்னாள். ஒருவர் ஒன்றை இரண்டு தரம் சொன்னால் அதில் இரண்டாவதை அடித்துவிட்டு முதலாவதைச் சந்தேகப்படுவது என் தொழில். புலம்பலுக்குள்ளே ஒரு நிமிர்வு இருந்தது. ரசீதை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள். பட்டறை முக்குவரை அந்தத் தாள் தெரிந்தது.

வீட்டு வரிக்கு முதலில் வீட்டைப் பார்ப்பதில்லை, தெருவைப் பார்ப்பார்கள். ஊரின் தெருக்களையெல்லாம் நகராட்சி ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடைத்தெரு, பஸ் போகும் சாலை, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருக்கும் சாலை என்றால் ஏ. ஒவ்வொரு மண்டலத்துக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பு. அதை வீட்டின் அளவால் பெருக்கி, ஓடா காங்கிரீட்டா, குடியிருப்பா கடையா, எத்தனை வருடப் பழசு என்றெல்லாம் பார்த்துக் கூட்டிக் கழித்தால் ஆண்டு மதிப்பு வரும். அந்த மதிப்பில் இத்தனை பங்கு பொதுவுக்கு, இத்தனை பங்கு தண்ணீருக்கு, இத்தனை பங்கு கல்விக்கு. கல்வி வரி நகராட்சிப் பள்ளிக் கட்டடங்களுக்குப் போகிறது. அதாவது பள்ளி பக்கத்தில் இருந்தால் தெரு உயர்கிறது, தெரு உயர்ந்தால் பள்ளிக்குப் போகும் பங்கும் உயர்கிறது. எந்தத் தெருவைப் பார்த்து வாசல் இருக்கிறதோ அந்தத் தெருவின் மண்டலம்தான் வீட்டுக்கும்.

ஒரே அப்பா கட்டிய ஒரே வீடு. ஒரே செங்கல், ஒரே வயது. அக்கா பாதி ஏ, என் பாதி சி.

அந்த எழுத்தை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தபோது தரகர் மாப்பிள்ளை வீட்டாரிடம், "பள்ளிக்கூட ரோட்டு மேலயே ஊடுங்க, கார் வாசல்ல நிக்கும்" என்றார். என் மகளுக்கு வந்தவர்களிடம் அதே தரகர், "கொஞ்சம் உள்ள நடக்கணுமுங்க" என்றார். இரண்டு கல்யாணமும் நன்றாகத்தான் நடந்தன. ஆனால் அந்தக் கொஞ்சம் உள்ளே நடப்பதை நான் மறக்கவில்லை. சந்துக்காரர்கள் அக்காவை ரோட்டூட்டம்மா என்பார்கள். என்னைப் பேப்பரக்கா என்பார்கள். அவளுக்குப் பெயர் வீட்டால் வந்தது, எனக்கு வேலையால். வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெயரும் பழைய பேப்பர் மாதிரி ஆகிவிட்டது.

சில மாதங்கள் கழித்துத் தெருக்களின் மண்டலப் பட்டியலைத் திருத்தப்போவதாக நகராட்சி அறிவித்தது. வரைவுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கோரிக்கையோ ஆட்சேபணையோ இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று கீழே இருந்தது. எங்கள் சந்து வழக்கம்போல் சி.

பில் கலெக்டர் தண்ணீர்க் கட்டணத்துக்காக வீட்டுக்கு வந்தபோது அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஏனுங்க சார், ஒரு சந்து சி-லருந்து ஏ-க்குப் போகுமுங்களா?"

அவர் பேனாவை மூடினார். "இத்தன வருஷத்துல எறக்கச் சொல்லித்தானுங்கம்மா வந்திருக்கறாங்க. ஏத்தச் சொல்லி ஒருத்தர் வந்ததில்லைங்க."

"சும்மா கேட்டேன்."

"போகுமுங்க. ரோட்டுக்கு இருக்கற வசதி சந்துக்கும் இருக்குதுன்னு காரணம் காட்டணும். காரணம் இருந்தா ஆபீஸ்ல சந்தோஷமாவே ஏத்துக்குவாங்க." சிரித்துக்கொண்டே ரசீது கிழித்தார்.

காரணம் என் வாசலிலிருந்து நாலு வீடு வடக்கே இருந்தது. நகராட்சி நடுநிலைப் பள்ளியும் எங்கள் மனை மாதிரியே சாலைக்கும் சந்துக்கும் இடையில் நீளமாகக் கிடந்தது. முன்கேட்டு பள்ளிச் சாலையில், பின்கேட்டு எங்கள் சந்தில். பின்கேட்டின் சாவி எங்கள் எதிர் வீட்டுக்காரியிடம் இருந்தது. அவள் அந்தப் பள்ளியில் சத்துணவுக்குச் சமைப்பவள். கணவர் இல்லை. தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு, சொந்த வீடு. சி மண்டலத்து வரியையே அரை வருடத்துக்கு ஒரு முறை புடவைக்காகச் சேர்க்கும் சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் கட்டுவாள். காலையில் அவள் கேட்டைத் திறந்ததும் சந்துப் பிள்ளைகள் பதினைந்து இருபது பேர் அவள் பின்னாலேயே உள்ளே போய்விடுவார்கள். ஒரு பிள்ளைகூடப் பெரிய ரோட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

மனுவை ஒரே மூச்சில் எழுதினேன். நடுவில் ஒரு வாக்கியம்: "பள்ளியின் பின்வாசல் எங்கள் சந்தில் திறப்பதால், பள்ளிச் சாலையில் குடியிருப்போர் பெறும் வசதி ஒன்றுகூடக் குறையாமல் இச்சந்தில் குடியிருப்போருக்கும் கிட்டுகிறது." படித்துப் பார்த்தேன். அடிக்க ஒரு சொல் இல்லை.

மண்டலம் என்பது வீட்டுக்குப் போடுவதல்ல, தெருவுக்குப் போடுவது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொன்னால் பொய். எழுதும்போது எதிர் வீட்டுத் தகரக் கூரை ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. நான் அக்காவின் ரசீதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் தபால் வாங்கும் பெண், "ஆட்சேபணைங்களா, கோரிக்கைங்களா?" என்றாள்.

"கோரிக்கை."

அவள் முத்திரை குத்திக் கொடுத்தாள்.

இறுதிப் பட்டியல் வந்த நாளில் எதிர் வீட்டுக்காரி வேலை முடிந்து ஈரக் கையோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"பேப்பரக்கா, இருக்கறீங்களா? நம்ம சந்த ஏ-ல போட்டுட்டாங்களாம். எனக்கு வரி மூணு பங்கு ஆவுமுன்னு பில் கலெக்டர் சொல்றாருங்க. கட்டலைன்னா தண்ணிக் கொழாய வெட்டிருவாங்க. நா எங்கீங்க போவேன்?"

பலகையில் ஒட்டியிருந்ததை யாரோ போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அதைக் காட்டினாள்.

"காரணம்னு பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்குதுங்க. என்ற கண்ணுக்குத் தெரியல. படிச்சுச் சொல்லுங்க."

என் வாக்கியம் அப்படியே இருந்தது. ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. சத்தமாகப் படித்தேன்.

அவள் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "தமிழு நல்லாத்தான் எழுதியிருக்கறான் படுபாவி" என்றாள். "எவன்னு தெரிஞ்சா சத்துணவு முட்ட ஒண்ண வேக வைக்காமக் கொண்டாந்து அவன் தலைல ஒடைப்பேன்."

அந்த நேரத்திலும் முதல் பாதி எனக்குக் காதில் நன்றாக விழுந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது.

"நீங்கதான் மறுத்து எழுதிக் குடுக்கணுமுங்க்கா. சந்துல எழுதத் தெரிஞ்சவங்க வேற ஆரு இருக்கறாங்க?"

எழுதினேன். என் மனுவை நானே மறுத்தேன். பின்கேட்டு என்பது சமையல் சாமான் போக வைத்த வழி, அதில் பொதுமக்களுக்கு உரிமை இல்லை, மழைக்காலத்தில் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, தெருவிளக்கு இரண்டுதான். எல்லாம் உண்மை. முதல் மனுவைக் கையால் எழுதியிருந்தேன். இதைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டைப் அடிக்கும் கடையில் கொடுத்தேன். சந்துக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என் கையெழுத்தைக் கடைசியில், சிறியதாகப் போட்டேன்.

விசாரணைக்குப் பன்னிரண்டு பேர் போனோம். வருவாய்ப் பிரிவு அதிகாரி நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். கோப்பைத் திறந்து முதல் மனுவை மேலோட்டமாகப் பார்த்தார். அனுப்பியவர் பெயரைப் படிப்பாரோ என்று நான் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கவில்லை.

"கேட்டு இருக்குதா, இல்லையா?" என்று கேட்டார். "அதச் சொல்லுங்க மொதல்ல. இருந்தா வசதி. வசதி இருந்தா ஏ. தண்ணி நிக்குது, லைட்டு இல்லைங்கறதெல்லாம் வேற துறை."

"இருக்குதுங்க. ஆனா..." என்று பின்னால் யாரோ இழுத்தார்.

"ஆனான்னு ஃபாரத்துல கட்டம் இல்லைங்க."

எதிர் வீட்டுக்காரி எழுந்து நின்றாள். "அப்படீன்னா அந்தக் கேட்ட அடச்சுருங்க சாமி."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஹெட்மாஸ்டர் ஏற்கெனவே அடைக்கணும்னுதான் எழுதியிருக்கறார். சந்துல நாய் வருது, வெளியாளுங்க வர்றாங்கன்னு. அடைச்சா மறுபடி தொறக்க மாட்டாங்க. உங்க புள்ளைங்க சுத்தித்தான் போகணும்."

"கொழாத் தண்ணி இல்லாமப் பொழைக்க முடியாதுங்க. சுத்திப் போறோம்."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த அறையில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான். கோப்பு மூடப்பட்டது.

கேட்டைக் கழற்றி, அந்த இடத்தை ஹாலோ பிளாக் வைத்து அடைக்க மேஸ்திரிக்கு இரண்டு நாள் பிடித்தது. அக்கா வீட்டு மொட்டைமாடியிலிருந்தும் அந்தச் சாம்பல் நிறச் சதுரம் தெரியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சந்து மறுபடி சி ஆனது. எதிர் வீட்டுக்காரிக்குப் பழைய வரி, குழாயில் பழைய தண்ணீர். எனக்கும் பழைய எழுத்து.

பிள்ளைகள் பட்டறை முக்கு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். அந்தப் பட்டறையில் பாடி கட்டி முடித்த லாரிகளைப் பின்பக்கமாகத்தான் ரோட்டுக்கு எடுப்பார்கள். ஓட்டுகிறவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பின்னால் நின்று ஒருவர் "வரட்டும், வரட்டும்" என்று தட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் காலையில் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். மூன்றாவது படிக்கும் ஒரு பெண் பிள்ளை கடைசி நொடியில் தாவிவிட்டாள். அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் சக்கரத்துக்குக் கீழே போனது. நான் பால் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். நீலப் பாட்டில். தட்டையாகி, மூடி மட்டும் உருண்டு சாக்கடை ஓரம் வந்து நின்றது. அந்தப் பிள்ளை அழவில்லை. பாட்டிலுக்கு அம்மா அடிப்பாளா என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

அன்று மாலை எதிர் வீட்டுக்காரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரப் பட்டறை முக்கில் போய் நின்றாள். காலையில் அடுப்பு மூட்டும் நேரத்தில் அவளால் அங்கே நிற்க முடியாது. "நாந்தானுங்க்கா அடைக்கச் சொன்னேன்" என்றாள் என்னிடம். "என்ற வாயாலதான் சொன்னேன். ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

வீட்டுக்கு வந்து வடபுற நடையில் போய் நின்றேன். இரும்புக் கதவு துருப்பிடித்திருந்தது. அதைத் தாண்டி இருபதடி நடந்தால் பள்ளிச் சாலை. அங்கிருந்து பள்ளி நாலு வீடு.

மறுநாள் பத்து நிமிடம் சுற்றி நடந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவளிடம் எதையும் கேட்டு வாங்கி எனக்குப் பழக்கம் இல்லை. காபி கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நான் பேச்சை ஆரம்பிக்கவில்லை.

"நடையில இருக்கற கதவத் தொறக்கணுமுங்க்கா. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க போக."

"ஏனாம்?"

"கேட்ட அடச்சுட்டாங்க. பட்டறை முக்குல லாரி..."

"தெரியும்" என்றாள் அக்கா. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டாள். திரும்பி வராமல் அங்கிருந்தே பேசினாள். "மண்டலம் மாத்தச் சொல்லி மனு ஒண்ணு வந்துச்சுன்னு பில் கலெக்டர் போன்ல காட்டுனாரு பாப்பா. தபால்ல வந்ததப் படம் புடிச்சு வெச்சிருந்தாரு. சந்துலருந்து ஏ கேக்கறாங்க, எங்காச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களான்னு சிரிச்சாரு. பேரப் பாக்கவே வேண்டியதில்ல. உன்ற 'ற' எனக்குத் தெரியாதா? வாலச் சுத்தி வெப்பியே."

டம்ளர் இருந்த இடத்தில் பதிந்த காபி வட்டத்தை நான் விரலால் துடைத்தேன்.

"நானும் சிரிச்சேன்" என்றாள். "அப்பறம் சிரிக்கல."

ஹாலுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

"அப்படி என்ன பாப்பா இருக்குது அந்த ஏ-ல?"

"உனக்குத் தெரியாதுங்க்கா."

"எனக்கெப்படித் தெரியும்? நான் அதுக்குள்ளயே இருக்கறேன்."

இதைவிட என்னைக் குத்துகிற பதில் எதுவும் இருந்திருக்க முடியாது. அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துச் சொன்னாள்.

கடைசியில் எழுந்துபோய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். சமையலறை ஆணியில் நல்லெண்ணெய் தடவி மாட்டி வைத்திருந்தாள். துருப்பிடித்தது என் பக்கம்தான்.

"காலைல எட்டுலருந்து ஒம்பதேகால். சாயங்காலம் நாலுலருந்து நாலரை. செருப்பக் கையில எடுத்துக்கச் சொல்லு, நடை டைல்ஸு வழுக்கும். சாவி என்றகிட்டதான் இருக்கும்."

"சரிங்க்கா."

"அந்தச் சமையக்காரப் புள்ளைகிட்ட நீதான் எழுதுனேன்னு சொல்லிட்டயா?"

"இல்லைங்க்கா."

அக்கா தொட்டியில் கிடந்த டம்ளரைக் கழுவப் போனாள்.

பதினைந்து இருபது பிள்ளைகள் தினமும் என் நடையில் நுழைந்து அக்கா நடையில் வெளியேறினார்கள். என் பக்கம் ஒரு முருங்கை மரம் இருக்கிறது, அதில் கம்பளிப்பூச்சி வரும். அதனால் என் பக்கம் ஓடுவார்கள். அக்கா பக்கம் வந்ததும் நிற்பார்கள். அவள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். "மெதுவா சாமி, மெதுவா" என்பாள். பெயர் கேட்பாள், தலையைத் தொடுவாள். ஒரு மாதத்துக்குள் அந்த வழிக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ரோட்டூட்டம்மா வழி. வழியில் பாதி என்னுடையது. சொல்லப்போனால் பாதிக்கு மேல், ஏனென்றால் நடுச்சுவர் ஓரடி அக்கா பக்கமாகத்தான் நிற்கிறது. அளந்து பார்த்தேன்.

வழக்கமான அளவீட்டுக்கு வந்த பில் கலெக்டர் காலை எட்டரைக்கு வந்தார். கையில் டேப்போடு நடையில் நின்று பிள்ளைகள் போவதைப் பார்த்தார். எல்லோரும் போன பிறகு கதவைப் பார்த்தார்.

"இது எப்பத் தொறந்தீங்கம்மா?"

"ரெண்டு மாசம் ஆச்சுங்க சார்."

"புழக்கத்துல இருக்குது. பள்ளிக்கூட ரோட்டுக்குப் போக்குவரத்து இருக்குது." தலையைச் சொறிந்தார். "ரெண்டு தெருவுக்கு வழி இருந்தா ஒசந்த தெரு மண்டலந்தானுங்க போடணும். சந்துக்கு இல்ல, உங்க ஊட்டுக்கு மட்டும். கதவ மூடீட்டீங்கன்னா நான் ஒண்ணும் எழுத மாட்டேன். இன்னைக்கே மூடுனாக்கூடச் சரிங்க."

"தொறந்தே இருக்கட்டும்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழைய மனு அவருக்கு ஞாபகம் வந்தது என்று முகத்தில் தெரிந்தது. "எழுதட்டுங்களா அப்போ?"

"எழுதுங்க."

எதிர் வீட்டுக்காரிக்கு விஷயம் தெரிந்து மத்தியானமே வந்துவிட்டாள். கையில் வெள்ளைத் தாள், பேனா.

"அநியாயமுங்க்கா. எங்க புள்ளைங்களுக்கு வழி உட்டதுக்கு உங்களுக்குத் தண்டமா? மனு எழுதுங்க. சந்து முழுக்கக் கையெழுத்துப் போடறோம். நானே கொண்டுபோயி அந்தச் சார்கிட்டக் குடுக்கறேன்."

பேனாவை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"மொத மனு நான்தான் எழுதினேன்" என்றேன். "சந்த ஏ-ல போடச் சொல்லி. அந்தப் பொடி எழுத்து என்னுது."

அவள் நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மடக்கினாள். பேனாவைத் தாளில் செருகி, தாளைச் சுருட்டினாள். மறுபடி விரித்தாள்.

"அதான் பாத்தேன்" என்றாள். "தமிழு அத்தன நல்லா இருந்துச்சேன்னு."

பிறகு ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அக்கா, மேற்கு, கிழக்கு, ரசீது. சொல்லச் சொல்ல எல்லாம் சிறியதாகிக்கொண்டே போனது.

"உங்களுக்கு ரோட்டு மேல இருக்கணும்னா" என்றாள் எழுந்துகொண்டே, "அதுக்கு என்ற தண்ணிக் கொழாயா கெடச்சுது?"

போய்விட்டாள். இரண்டு வாரம் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தினமும் காலை ஏழே முக்காலுக்கு என் நடை வழியாகத்தான் வேலைக்குப் போனாள். பிள்ளைகளுக்கு எட்டு மணி என்றால் அவளுக்கு மட்டும் அக்கா கால்மணி முன்னதாகத் திறந்துவிடுவாள். மூன்றாவது வாரம் ஒரு நாள், போகிறபோக்கில், "முருங்கைல பூச்சி வெச்சிருக்குதுங்க்கா, புள்ளைங்க மேல உழுகும். சாம்பத் தூவுங்க" என்றாள். முட்டையை அவள் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒத்திவைத்திருக்கிறாள்.

அடுத்த அரையாண்டு ரசீது வந்தது. என் பெயருக்கு எதிரே ஏ. கல்வி வரிப் பங்கும் அதற்கேற்ப ஏறியிருந்தது. இரண்டு தரம் படித்தேன். மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றாமல், நடை வழியாக அக்காவைப் பார்க்கப் போனேன். மணி நாலு. கதவு திறந்திருந்தது.

அக்கா வீட்டு முன்னறையில் ஷட்டர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டி ஒன்று வந்து இறங்கியிருந்தது. நோட்டு, பென்சில், சார்ட் பேப்பர், ஜாடி நிறையத் தேன்மிட்டாய். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றார்கள். நீலப் பாட்டில் பெண் புதுப் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் நின்றாள்.

"வா பாப்பா" என்றாள் அக்கா. "தெனமும் இத்தன புள்ளைங்க வாசல்ல போகுது, சும்மா எதுக்கு உக்காந்திருக்கணும்னு ஒரு கடை போட்டேன். அதுக்குள்ள பில் கலெக்டர் வந்துட்டாரு. ஊட்டு வரி இல்லயாம் இனி. கடை வரியாம்! ஊட்டு வரிய விட ரெண்டு மடங்கு. பாரு அநியாயத்த."

கல்லாப்பெட்டியிலிருந்து வரி நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். மண்டலத்துக்கு நேரே ஏ. அதற்கு அடுத்த கட்டத்தில் என் ரசீதில் குடியிருப்பு என்று இருந்தது. அவள் தாளில் வணிகம் என்று இருந்தது.

என் ரசீதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"கையில என்ன பாப்பா?"

"ஒண்ணுமில்லைங்க்கா" என்றேன்.

நீலப் பாட்டில் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். வழியை விடச் சொன்னாள். நான் கடைக்கு எதிரே, அவர்கள் வீடு திரும்பும் வழியில் நின்றுகொண்டிருந்தேன்.